குன்னூரில் ஒரு சாக்குப் புல்

“யாராவது ஊட்டிக்குப் புல்லு பார்க்கப் போவாங்களா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் போகிறேன் என்றேன். இந்த வலைப்பூவை முன்பே படித்தவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். சீமைக்கருவேலத்தைப் பார்க்க ராமநாதபுரம் போய் முள் குத்திக்கொண்டு வந்தவள் நான். உண்ணிச்செடியைப் பார்க்க வால்பாறை போய் அட்டைக்கடியோடு திரும்பினேன். எங்கிருந்தோ வந்து இங்கேயே தங்கி, இருக்கிற இடத்தையெல்லாம் வளைத்துக்கொண்ட செடிகள் அதை எப்படிச் சாதித்தன என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு ஆசை. அக்டோபர் கடைசி வாரத்தில் மூன்று நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. இந்த முறை கிக்குயூ புல் என்று முடிவு செய்தேன்.

பெயர் புதிதாக இருக்கலாம். புல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் ஏதாவது ஒரு பச்சைப் புல்வெளியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு படம் எடுத்திருந்தால், அநேகமாக இதன் மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள். இது கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் புல். கென்யாவில் கிக்குயூ மக்கள் வாழும் பகுதியை வைத்து இந்தப் பெயர் வந்தது. ஒருமுறை வேர்விட்டால் வருடக்கணக்காக இருக்கும். தரையோடு ஓடும் தண்டில் விரற்கடைக்கு ஒரு கணு, கணுவுக்குக் கணு வேர். மண்ணுக்கு அடியிலும் இதே ஓட்டம்தான். மாட்டுத் தீவனத்துக்கும் பங்களா முற்றத்துக்கும் என்று பல நாட்டு மலைகளுக்கு இதைக் கொண்டுபோனார்கள், நீலகிரிக்கும் அப்படித்தான் வந்தது. பூவை லேசில் பார்க்க முடியாது, இலை மடிப்புக்குள்ளேயே இருக்கும். அறிவியல் பெயரிலேயே ‘ஒளிந்தது’ என்ற பொருள் இருக்கிறதாம்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குத் துடியலூரில் பஸ் ஏறினேன். குன்னூர் வரை அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் 75 ரூபாய். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும், பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு யாரானாலும் ஒரே கதிதான். சோதனைச் சாவடியில் முன்சீட்டுக்காரரின் இரண்டு லிட்டர் பாட்டில் போனது. அவர் பர்லியாறு வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குன்னூரில் இறங்கினேன். நல்ல மூடுபனி.

தங்கியது கோத்தகிரி சாலையில், பஸ் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு வீட்டின் மாடி அறை. ஆட்டோவுக்கு 150. அறைக்கு நாளொன்றுக்கு 1,400, காலைச் சாப்பாடும் சேர்த்து. வீட்டின் உரிமையாளர் அல்போன்ஸ், அருவங்காட்டில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“தனியா வந்திருக்கீங்களே அம்மிணி, ஏதாச்சும் ஆபீஸ் வேலைங்களா?” என்று காபி கொடுத்தபடி கேட்டார்.

“இல்லைங்க டீச்சர். கிக்குயூ புல்லைப் பார்க்க வந்தேன்.”

டீச்சர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏனுங்க, உங்க புல்லைப் பார்க்கிறதுக்கு ஆளு வந்திருக்குது.”

அல்போன்ஸ் செய்தித்தாளை மடித்துக்கொண்டே வெளியே வந்தார். ஜோக்குக்குச் சிரிக்கிற முகமாக இல்லை. “சனிக்கெழமை வரைக்கும் இருப்பீங்களா?” என்றார். இருப்பேன் என்றேன். “அப்ப அன்னைக்குக் காட்டறனுங்க. அது வரைக்கும் பார்க்குல போய்ப் பாருங்க, அங்கயும் நெறைய இருக்குது.” அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இட்லி நன்றாக இருந்ததால் நானும் துருவவில்லை.

அன்று முழுவதும் நடந்தே பார்த்தேன். பூங்காக்களில் வெட்டிவிட்ட புல் சாதுவாகத்தான் இருக்கிறது, குழந்தைகள் உருள்கிறார்கள். வெட்டாத இடத்தில்தான் அதன் குணம் தெரியும். தேயிலைத் தோட்டத்து வேலியோரம் ஒரு மேட்டில் கால் வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. மேடு என்று நான் நினைத்தது முழுக்கப் புல். பழைய தண்டின் மேல் புதிய தண்டு, அதன் மேல் இன்னொன்று என்று பின்னிப் பின்னி ஒரு பஞ்சுமெத்தைக் கனத்துக்கு ஏறியிருந்தது. அடியில் கையை விட்டால் மண்ணைத் தொட முடியவில்லை. நடுவில் வேறு ஒரு செடியும் இல்லை. இதை வரப்பில் வைத்தால் எந்த மழைக்கும் மண் அசையாது என்பதும் நிஜம்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் சமையலறையில் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார், நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அழாமல், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னார்.

அவர்களுக்கு ரோஸ்லின் என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அது மழைக்காலம். கோயிலுக்குப் பின்னால் சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். குவித்த மண்ணை அடுத்த வாரமே மழை அரித்துவிட்டது. மறுபடி குவித்தார்கள், அதையும் அரித்தது. “மண்ணு ஓடறதைப் பார்த்துட்டு எனக்குச் சோறு எறங்கலைங்க,” என்றார் டீச்சர். “அதுக்கோசரம்தான் அவரு புல்லு கொண்டாந்தாரு.”

ஒரு அதிகாரியின் பங்களாவில் புல்வெளியை ஒழுங்குபடுத்தி வெட்டிப் போட்ட தண்டுகளை அங்கிருந்த தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து நட்டிருக்கிறார் அல்போன்ஸ். இரண்டே மாதத்தில் குட்டிக் கல்லறை பச்சைப் போர்வை போர்த்தியது மாதிரி ஆகிவிட்டது. மண் ஒரு பிடி நகரவில்லை. இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளுக்கு அந்த வருடம் வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எங்கம்மாவுக்கும் ஒரு பிடி கொடுங்க, எங்க அண்ணனுக்கும் ஒரு பிடி என்று கேட்டார்கள். அல்போன்ஸ் கேட்டவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தார். சரிவில் மண் கல்லறை வைத்திருந்த எல்லாருக்கும் இருந்தது ஒரே கவலைதானே. “சில பேருக்கு இவரே போய் நட்டும் கொடுத்தாருங்க. பெருமை தாங்கலை அப்ப,” என்று டீச்சர் லேசாகச் சிரித்தார்.

இப்போது தோட்டம் முழுக்கப் புல். சிமென்ட் கல்லறைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. மண் கல்லறைகள் எது எங்கே என்று தெரியவில்லை. மரச்சிலுவைகள் உளுத்துப் போய்விட்டன. கோயில் பதிவேட்டில் பெயரும் தேதியும் உண்டு, இடம் குறிக்கும் வழக்கம் இல்லை. அதனால் கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடி இந்த வருடம் ஒரு முடிவு செய்துவிட்டது. திருநாளுக்கு மறுநாள் மண் அள்ளும் இயந்திரம் வரும், புல்லை வேரோடு வழித்து நிலத்தைச் சமன் செய்யும். அதற்கு முன் யார் தங்கள் கல்லறையை அடையாளம் கண்டு நான்கு மூலையிலும் கல் நடுகிறார்களோ, அதை இயந்திரம் தொடாது.

“எங்களுக்கு எடம் தெரியுங்க. வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தற எடந்தானே,” என்றார் டீச்சர். “சைப்ரஸ் மரத்துக்கு நேர் கீழ. ஆனா இவரு நம்ப மாட்டேங்கறாரு.”

அல்போன்ஸ் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “பாப்பாவைச் சுத்தி நான் அடுக்குன செங்கல்லு. அதைக் கையில தொட்டுப் பார்க்காம கல்லு நட மாட்டேன் ஸ்டெல்லா,” என்றார். “தப்பா நட்டுட்டா மெஷின் பாப்பா மேல ஏறிரும்.” பீன்ஸ் நறுக்குவதை இருவரும் நிறுத்திவிட்டோம்.

வெள்ளிக்கிழமை போஜன் என்பவரின் டாக்ஸியில், மலையின் பழைய புல்வெளி மிச்சமிருக்கும் கிளென்மார்கன் பக்கம் போனேன். ஊட்டி வழியாக, போக வர எண்பது கிலோமீட்டர் சொச்சம், 3,000 ரூபாய் பேசிக்கொண்டோம். போஜன் பிக்கட்டிக்காரர், குன்னூரில் குடியிருக்கிறார். ஊரில் அண்ணன் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார். புல் என்றதும் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். “ஐயோ, லான் புல்லா? கேரட்டு நடுவுல ஒரு கணு கெடந்தாப் போதும்க்கா. இன்னிக்குக் கொத்தினா ஒண்ணு நாலாகும். எங்கண்ணன் புடுங்கினதைக் காயவெச்சு எரிக்கும்.”

“அப்ப ஒழிச்சுக் கட்டலாமே?”

“ஒழிச்சா மாடு என்னத்தைத் திங்கும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். “பனி பேஞ்சு எல்லாம் கருகினப்பறம் மொதல்ல பச்சை விடறது இதுதான். எங்கூட்டு மாடு ரெண்டும் இதுலதான் பால் கறக்குது.” கேரட்டுக்கு எதிரி, மாட்டுக்குச் சோறு. எதிரும் புதிருமாக இருக்கிறதே என்றேன். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கிளென்மார்கனில் மின்வாரியப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, காட்டுக்குள்ளும் இறங்கக் கூடாது. சாலையோரம் நின்று பார்த்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. இந்த மலைக்கே சொந்தமான புல் கொத்துக் கொத்தாக நிற்கிறது. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் இடம் விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியில் ஊதா, மஞ்சள் என்று சின்னச் சின்னப் பூச்செடிகள். நிறம் பச்சை கூட இல்லை, பாதி வைக்கோல் நிறம். படம் எடுத்தால் சுமாராகத்தான் வருகிறது. சாலைக்காக மண்ணை வெட்டிய ஓரத்தில் மட்டும் ரிப்பன் கட்டினது போல ஒரு பளிச்சென்ற பச்சை. அது கிக்குயூ. “மண்ணைக் கெளறுன எடத்துக்குத்தான் அது வரும்க்கா,” என்றார் போஜன். கல்லறைத் தோட்டத்தைவிட அதிகமாகக் கிளறிய மண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்படியே கதை முழுவதையும் அவரிடம் சொல்லும்படி ஆனது.

ஊட்டியில் சாப்பாடு 140 ரூபாய், சாம்பார் ஆறிப்போயிருந்தது. பில்லுக்குக் காத்திருக்கும்போது போஜன், “நாளைக்கு நானும் வரேன். டிக்கியில ஒரு இரும்புக் கம்பி கெடக்குது,” என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்குக் கேட்காதது போல வெளியே பார்த்தார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். அல்போன்ஸ் மண்வெட்டியும் அரிவாளும் கொண்டுவந்திருந்தார். டீச்சர் ஒரு கூடையில் பிளாஸ்க்கும் ரொட்டியும். நான்கு கருங்கல்லை முந்தின நாளே கொண்டுவந்து மதிலோரம் வைத்திருந்தார்கள். சரிவு முழுக்க அப்படி ஒரு பச்சை. என்ன இடம் என்று தெரியாமல் உள்ளே வந்தால் யாரோ நன்றாகப் பராமரிக்கிற பூங்கா என்றுதான் நினைப்பீர்கள். நடந்தால் மெத்தென்று அமுங்கியது. யார் மேல் நடக்கிறோம் என்று தெரியாமல் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மேல்பக்கம் ஒற்றை சைப்ரஸ் மரம். அதற்கு நேர் கீழே நான்கடியில் டீச்சர் போய் நின்றார். “இங்கதான்.” அல்போன்ஸ் அரிவாளால் கட்டம் கட்டமாக அறுத்தார், போஜனும் நானும் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினோம். ஈரப் பாயைச் சுருட்டுகிற பாரம். இரண்டாவது சுருட்டில் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. டீச்சர் குனிந்து எடுத்தார். மெழுகு. பழுப்பேறிப் போய், ஒன்றின் மேல் ஒன்று உருகிச் சேர்ந்த கட்டி. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஐந்து.

“அஞ்சுதாங்க ஏத்துவோம். அவளுக்கு அஞ்சு வயசு,” என்று டீச்சர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். “பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?” முகம் மலர்ந்துவிட்டது. போஜன் கல்லை எடுக்க மதில் பக்கம் திரும்பினார். எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது என்றுதான் பட்டது.

அல்போன்ஸ் மட்டும் மண்டியிட்டு மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு செங்கல் விளிம்பு தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே போனார். விளிம்பு முடியவில்லை. இன்னும் போனது. புல்லை இன்னொரு கட்டம் அறுத்தோம், அங்கேயும் அதே விளிம்பு. கடைசியில் மூலை வந்தபோது அவர் தொடங்கின இடத்திலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு வந்திருந்தார்.

“இது பெரியவங்களுது,” என்றார்.

மெழுகுக் கட்டி டீச்சர் கையிலேயே இருந்தது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இத்தனை வருஷமா நாம யாருகிட்டங்க பேசிட்டிருந்தோம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி காதில் விழ அங்கே நிற்க எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. புல் பார்க்க வந்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினேன், அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அல்போன்ஸ் காபியை வாங்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டெல்லா, அந்தக் காலத்துல இங்க ரெண்டு மரம் இருந்துச்சுல்ல?”

டீச்சர் நிமிர்ந்தார். இருந்தது. இரண்டு சைப்ரஸ், அக்கா தங்கை மாதிரி ஒரே உயரம். இடையில் அல்போன்ஸுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்து இரண்டு வருடம் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஒரு காற்றில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது ஒரு மரம் நின்றது, மேடுகளெல்லாம் புல்லுக்குள் போயிருந்தன, மரச்சிலுவையும் இல்லை. நின்ற மரத்தை நம்ம மரம் என்று எடுத்துக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சாய்ந்த மரத்தின் அடிக்கட்டை எங்கே? கண்ணுக்கு எட்டியவரை புல்தான். போஜன் கம்பியைக் கொண்டுவந்து, நின்ற மரத்தின் வரிசையிலேயே குத்திக் குத்திக்கொண்டு நடந்தார். சதக், சதக் என்று மண் சத்தம். ஏறக்குறைய ஒரு வண்டி நீளம் தள்ளி டொக்கென்றது. வழித்துப் பார்த்தால், தரையோடு அறுத்த அடிக்கட்டை. அவ்வளவு பெரிய கட்டையைப் புல் மேடு கூடத் தெரியாமல் மூடி வைத்திருந்தது.

அங்கிருந்து கீழே நான்கடி. இந்த முறை அல்போன்ஸ் எங்கள் யாரையும் தொட விடவில்லை. அரிவாளையும் வைத்துவிட்டுக் கையாலேயே பிய்த்தார். மூச்சு வாங்கியது. முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கல், கூழாங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. “கால்மாட்டுல நான் வெச்சது,” என்றார். பிறகு செங்கல் விளிம்பு. சின்னது. முழுவதையும் ஒரு குளியல் துண்டால் மூடிவிடலாம் போல இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். டீச்சர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போஜன் தொப்பியைக் கழற்றினார்.

நான்கு கல்லையும் நான்கு மூலையில் நட்டார்கள். போஜன் மண்ணை மிதித்து இறுக்கினார். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் நகரவில்லை. திறந்து கிடந்த பெரிய கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவுங்களுக்குக் கல்லு யாரு நடுவா?”

“யாரோ, என்னவோ. வூட்டாளுங்க இருந்தா வருவாங்க,” என்றார் அல்போன்ஸ்.

“இருந்திருந்தா இத்தனை வருஷத்துல நாம ஏத்தறதைப் பார்த்துட்டு, இது எங்காளுன்னு வந்து சொல்லியிருக்க மாட்டாங்களா? நம்ம புள்ளை பேரைச் சொல்லி அவுங்க தலைமாட்டுல ஏத்திட்டிருந்தோம். பாவம், அவுங்களும் பொறுத்துட்டு இருந்திருக்காங்க. இப்ப மெஷின்காரன்கிட்ட விட்டுட்டுப் போறதுங்களா?”

போஜன் வண்டிக்குப் போய் இரண்டு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலை வண்டிக்காரர்கள் எல்லாரும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க டிக்கியில் கல் வைத்திருப்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். “கியர்ல போட்டுக்கலாம்க்கா,” என்றார். மீதி இரண்டு கல் பழைய மதில் இடிந்து கிடந்த குவியலில் கிடைத்தது. யாரென்று தெரியாத அந்த மனிதருக்கும் நான்கு மூலை ஆனது.

அப்போது மழை வந்தது. புல்லை உரித்துப் போட்ட சின்னக் கல்லறையில் மண் வெறுமையாகக் கிடந்தது. முதல் ஐந்து நிமிடத்திலேயே சிவப்பாக ஒரு கோடு செங்கல் விளிம்பைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. அல்போன்ஸ் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் சுருட்டிப் போட்டிருந்த புல்லைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடியைப் பிய்த்தும் எடுத்துவிட்டார், யோசித்து எடுத்ததாகத் தெரியவில்லை.

“அதைக் கீழ போடுங்க,” என்றார் டீச்சர். கோபமாக இல்லை. “மண்ணு போனாப் போகுது. எடம் தெரிஞ்சாப் போதும்.”

அவர் போட்டுவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வண்டிக்கு நடந்தோம்.

சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். இந்தப் புல்லின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மண்ணைப் பிடித்து வை என்று கொண்டுவந்தார்கள், பிடித்து வைத்தது. எதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, நட்டவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு சாக்கில் தொடங்கியது என்று தெரிந்தவர்கள் கூட அந்தத் தெருவில் அல்போன்ஸைக் குறை சொல்லி நான் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரு பிடி வாங்கினவர்கள்.

இந்தப் பயணத்தைச் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர், நவம்பரில் குடையைவிட மழைக்கோட்டு நல்லது, மலைக்காற்றில் குடை நிற்காது. உள்ளூர்ப் புல்லையும் கிக்குயூவையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க கிளென்மார்கன் சாலையோரமே போதும், வேலி தாண்டி இறங்க வேண்டாம். மூன்று நாளைக்கு எல்லாம் சேர்த்து எனக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது, அதில் மூவாயிரத்துக்கு மேல் டாக்ஸியும் ஆட்டோவும்தான். இரண்டு பேராகப் போனால் மிச்சம். கிளம்பும் முன் ஷூவின் அடியைக் கட்டாயம் கழுவுங்கள். நான் கழுவவில்லை. துடியலூரில் கழற்றும்போது அடிப்பள்ளத்தில் ஒரு கணு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வெயிலில் பிழைக்குமோ பிழைக்காதோ, எனக்குச் சோதித்துப் பார்க்க மனமில்லை. அடுப்பில் காட்டி எரித்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி இரவு ஏழு மணி வாக்கில் டீச்சர் ஒரு படம் அனுப்பினார். மழை விட்டிருந்தது. சின்னக் கல்லறையில் ஐந்து மெழுகுவத்தி, பக்கத்தில் வெள்ளைக் கல். கொஞ்சம் தள்ளிப் பெரிய கல்லறையிலும் ஐந்து எரிந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஏன் ஐந்து என்று கேட்டு எழுதினேன்.

“அவுங்க வயசு தெரியலைங்க அம்மிணி,” என்று பதில் வந்தது. “இத்தனை வருஷம் அஞ்சுதானே கெடைச்சுது, அதே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”